வர்க்கமூலத்துக்கு பட்டன் இல்லாத இடம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பாடச்சுமை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கால்குலேட்டரில் பட்டனைத் தட்டினால் வந்துவிடும் வர்க்கமூலத்தை இன்னும் ஏன் தாளில் போடச் சொல்கிறோம் என்று கட்டுரையாளர் கேட்டிருந்தார். மற்றபடி அவர் சொன்னதில் பெரும்பகுதி எனக்கும் சம்மதம்தான். இந்த உதாரணம் மட்டும் இடிக்கிறது. ஏனென்றால், அந்தப் பட்டன் இல்லாத ஓர் இடத்தில்தான் நம் பிள்ளைகள் பலர் சாயங்காலம் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மைன்கிராஃப்ட் விளையாட்டைச் சொல்கிறேன். கட்டைகளை அடுக்கி வீடு கட்டுவது என்ற அளவில்தான் பெற்றோருக்கு அது தெரியும். அதற்குள்ளேயே கட்டளைகள் எழுதிப் புது விளையாட்டு ஒன்றை உருவாக்கலாம். ஜாவா பதிப்பில் 2017 முதல் அந்தக் கட்டளைகளைக் கோப்பாகத் தொகுத்தும் ஓட்ட முடிகிறது. ஆனால் கணக்குப் போடப் பெரும்பாலும் ஸ்கோர்போர்டை, அதாவது விளையாட்டு தன் எண்களைக் குறித்துவைக்கும் பலகையைத்தான் நம்பியிருக்க வேண்டும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், மீதி, எது பெரிது எது சிறிது, இவ்வளவுதான் அதற்குத் தெரியும். எல்லாம் முழு எண்ணில். வர்க்கமூலத்துக்கென்று ஒரு கட்டளை அதில் கிடையாது.

புதையல் வேட்டை ஒன்று செய்கிறான் ஒரு பையன் என்று வைத்துக்கொள்வோம். புதையல் எத்தனை கட்டை தூரத்தில் இருக்கிறது என்று திரையில் காட்ட வேண்டும். கிழக்கே 30, வடக்கே 40. பிதாகரஸ் தேற்றப்படி 900-உம் 1600-உம் சேர்ந்து 2500. சரி, இதற்கு மூலம்?

ஒற்றைப்படை எண்களை 1, 3, 5, 7 என்று வரிசையாகக் கழித்துக்கொண்டே போகலாம். 25-க்கு ஐந்து முறையில் பூஜ்யம் வந்துவிடும், விடை 5. வகுத்தல்கூட வேண்டாம். ஆனால் 2500-க்கு ஐம்பது முறை கழிக்க வேண்டும். ஒவ்வொரு நொடியும் பல தடவை ஓட வேண்டிய கணக்குக்கு இது சரிப்படாது.

நல்ல வழி, அலெக்சாண்டிரியாவின் ஹெரோன் என்ற கிரேக்கக் கணித அறிஞர் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிவைத்தது. ஒரு உத்தேச எண்ணை எடு, மூலம் காண வேண்டிய எண்ணை அதால் வகு, வந்த ஈவையும் உத்தேசத்தையும் கூட்டிப் பாதியாக்கு. 2500-க்கு 100 என்று தொடங்கினால் ஈவு 25, சராசரி 62 (அரையை விட்டுவிடுகிறோம்). அடுத்து 51. அதற்கடுத்து 50. மூன்றே சுற்று! இதே முறையில் 2-இன் மூலத்தைப் பின்னமாக, 1-இல் தொடங்கிப் போட்டால் 3/2, 17/12, 577/408 என்று வரும். அந்தக் கடைசிப் பின்னம், வேள்வி மேடை கட்டும் அளவுகளைச் சொல்லும் நம் பழைய நூல்களான சுல்ப சூத்திரங்களில் தரப்பட்டுள்ள மதிப்பேதான். வேள்வி மேடைக்குச் செங்கல் அடுக்கியவர்களுக்கும் கட்டை அடுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரே கணக்கு.

தசமம் வேண்டுமென்றால் எண்ணை முதலிலேயே 10,000-ஆல் பெருக்கிவிடலாம். 2-க்குப் பதில் 20,000; அதன் மூலம் முழு எண்ணில் 141. அதை 100-ஆல் வகுத்தால் 1.41. எட்டாம் வகுப்பில் வர்க்கமூலத்துக்கு நீள்வகுத்தல் போடும்போது இரண்டிரண்டு பூஜ்யமாக இறக்குகிறோமே, அதேதான் இது. அந்த இரட்டைப் பூஜ்யம் எதற்கு என்று வகுப்பில் யாரும் கேட்பதில்லை. இங்கே வேலை நடக்க வேண்டுமே, அதனால் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அப்புறம் எல்லை. ஸ்கோர்போர்டில் 2,147,483,647-க்கு மேல் எண் ஏறாது. 46,340-ஐ வர்க்கமாக்கலாம். 46,341-ஐ வர்க்கமாக்கினால் விடை மைனஸில் வந்து நிற்கும். தூரம் மைனஸாகும் புதையல் வேட்டையை யார் விளையாடுவது?

கட்டுரையாளர் பக்கம் ஒரு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பல நேரங்களில் மூலமே தேவைப்படாது. பத்து கட்டைக்குள் ஆள் வந்துவிட்டானா என்று பார்க்க, தூரத்தின் வர்க்கம் 100-ஐத் தாண்டவில்லையா என்று பார்த்தால் போதும். அதற்கென்று விளையாட்டிலேயே ஒரு வசதியும் இருக்கிறது. ஆனால் எங்கே மூலம் வேண்டாம் என்று தெரிவதற்கும், மூலம் என்றால் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். பட்டனைத் தட்டி மட்டுமே பழகிய பிள்ளைக்கு அது எப்படி வரும்? இந்தப் பாடத்தை எடுத்துவிடுங்கள் என்பதைவிட, மதிப்பெண்ணுக்காக இருபது கணக்கு போடவைப்பதை நிறுத்துங்கள் என்று அவர் எழுதியிருந்தால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

ஒரு வேண்டுகோள். ஹெரோன் முறையில் 'கடைசியாக வந்த எண்ணே அடுத்த சுற்றிலும் வந்தால் நிறுத்து' என்று எழுதினால் சில எண்களில் மாட்டிக்கொள்ளும். 99-க்கு 10 என்று தொடங்குங்கள்: 9 வரும், பிறகு 10, மறுபடி 9. விளையாட்டு தன் கட்டளை வரம்பை எட்டி நிறுத்தும்வரை இது ஓடிக்கொண்டே இருக்கும். 'எண் குறையாவிட்டால் நிறுத்து' என்று மாற்றினால் சரியாகிவிடும். 3, 8, 15, 24 இவற்றுக்கும் இதே கதிதான். இந்த வரிசையில் அடுத்த எண் எது, ஏன் என்று உங்கள் சிறுவர் பகுதியில் புதிராகப் போடுங்கள். விடையை நான் எழுதவில்லை.

– கணித ஆசிரியர் ஒருவர்,
நாமக்கல்