கவிழ்த்துப் பார்

சுங்கை சிப்புட், மலேசியா,
ஞாயிறு மாலை

அன்பு மகள் மலர்விழிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி மழைக்கு மழை வந்து போகிறது.

நீ அனுப்பிய படங்களை உன் தம்பி பெரிதாக்கிக் காட்டினான். அந்தச் சின்ன வீட்டில் நீ சேகரித்த பதினொரு முக்காலி! அம்மா எண்ணி முடித்துவிட்டு, "இருப்பது இரண்டு பேர், பந்தி வைக்கப் போகிறார்களா?" என்று கேட்டாள். விலையை அவளிடம் நான் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

எல்லாவற்றையும் கவிழ்த்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேனே, அதற்குக் காரணம் இருக்கிறது. மேல்பலகையை யார் வேண்டுமானாலும் பளபளவென்று ஆக்கிவிடலாம். செய்தவனின் கை எப்படிப்பட்டது என்பது அடியில்தான் தெரியும். அந்தப் பின்லாந்து முக்காலியை, கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்ட்டோ 1933இல் வடிவமைத்ததை, மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாங்கள் காலின் முனையைக் கழுந்தாகச் செதுக்குவோம், அது நுழையப் பலகையில் துளை போடுவோம், அதுவும் போதாமல் குறுக்குச் சட்டம் கொடுப்போம். அந்த மனிதர் இது எதுவும் இல்லாமல் முடித்திருக்கிறார். பிர்ச் மரக் காலின் மேல்முனையில் நாரோட்டத்தின் வழியே ரம்பத்தால் கீறல்கள் போட்டு, ஒவ்வொன்றிலும் பசை தடவிய மெல்லிய சீவலைச் செருகி, சூட்டிலும் அழுத்தத்திலும் வளைத்துவிடுகிறார்கள். வளைந்த பகுதியை இருக்கைப் பலகையின் அடியில் நேராகத் திருகாணியால் பூட்டினால் வேலை முடிந்தது. ரப்பர் தோட்டத்தில் இருபத்தெட்டு ஆண்டு தச்சு வேலை பார்த்த எனக்கு இது தோன்றவே இல்லை என்பதில் கொஞ்சம் பொறாமைதான்.

நீ பிறப்பதற்கு முன்பு நானும் ஒரு சோதனை செய்தேன். இருபத்தைந்து, முப்பது ஆண்டு பால் கொடுத்து ஓய்ந்த ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்து, ரப்பர் தாள் உலர்த்தும் புகைக் கொட்டகைக்கு விறகாக அனுப்பிக்கொண்டிருந்த காலம். வெள்ளை வெளேரென்ற மரம், உளி சொன்னபடி கேட்டது. அழகாக ஒரு முக்காலி செய்து அம்மாவுக்குக் கொடுத்தேன். சில மாதத்தில் அதன் அடியில் தினமும் மாவு கொட்ட ஆரம்பித்தது. பால் மரத்தில் மாவுச்சத்து அதிகம், வண்டுக்கு விருந்து. போரான் மருந்தை அழுத்தி ஏற்றிச் சூளையில் உலர்த்தும் வித்தை எனக்குத் தெரியாது. இப்போது அப்படிப் பதப்படுத்திய பால் மரத்து நாற்காலிகள்தான் இங்கிருந்து கப்பலேறுகின்றன. உன் ஊர்க் கடையிலும் இருக்கும், பார்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். கறை பிடித்திருக்கிறது, தேய்த்துப் புதிதாக்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். தேய்க்காதே. இதை நான் சொல்வது ஒரு தப்பு செய்தவனாக. ஒரு முறை துரை பங்களாவிலிருந்து பழைய தேக்கு முக்காலி ஒன்று பழுதுக்கு வந்தது. ஒரு கால் ஆடியது, அவ்வளவுதான். புதிதுபோல ஆக்கித் தந்தால் மெச்சுவார்கள் என்று நினைத்து, பழைய அரக்குப் பூச்சை முழுக்கச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, வார்னிஷ் அடித்தேன். அடிப்பலகையில் மங்கலாக ஒரு முத்திரை இருந்தது. செய்தவர் பெயரோ ஊரோ, நான் படிக்கக்கூட நிற்கவில்லை. அதையும் சேர்த்துத் தேய்த்துவிட்டேன். பாராட்டினார்கள். இன்றைக்கும் அது உறுத்துகிறது. நான் செய்தவற்றில் தோட்டத்து எண்ணைத் தவிர வேறொன்றும் எழுதியதில்லை என்பது வேறு கதை.

ஆகவே, நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் துடை, காய்ந்ததும் கொஞ்சம் மெழுகு தடவு, போதும். திருகாணித் தலையில் ஒற்றைக் கோடு இருந்தால் அது பழைய திருகாணி, மாற்றிப் புதிது போடாதே. ஜப்பான்காரர் சோரி யானாகியின் 1954ஆம் ஆண்டு வண்ணத்துப்பூச்சி முக்காலி இருக்கிறதே, இரண்டு வளைந்த ஒட்டுப்பலகைகளை ஒரே பித்தளைக் கம்பி பிடித்து நிற்கிறதே, அதன் திருகாணிகளை அழுத்தி முறுக்காதே. பலகை பிளந்துவிடும்.

சண்டிகர் முக்காலி ஒன்று விலைக்கு வருகிறது என்றாயே, அதை வாங்க வேண்டாம் என்பேன். கட்டடக் கலைஞர் பியேர் ஜான்னரே அந்த நகரத்து அலுவலகங்களுக்காகத் தேக்கிலும் பிரம்பிலும் செய்வித்தவற்றை உடைசல் என்று கழித்து மலிவாக விற்றார்கள். பின்னால் வெளிநாட்டு ஏலங்களில் அவை எட்டாத விலைக்குப் போயின. விலை ஏறிய பொருளுக்குப் போலியும் பெருகும். அடியில் அலுவலகத்தின் அடையாள எழுத்து இருக்கிறது என்பதற்காக நம்பிவிடாதே, எழுத்தைப் போலியாக எழுதுவது காலை வளைப்பதைவிடச் சுலபம். எங்கள் தோட்டம் கைமாறிச் செம்பனையும் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளும் வந்தபோது பங்களாச் சாமான்களை எரித்ததைப் பார்த்தவன் நான். சண்டிகர்க் கதையைப் படித்த இரவு தூக்கம் வரவில்லை.

அலங்காரம் உன் விருப்பம். ஆனால் சுவரோரம் வரிசையாக நிறுத்தியிருப்பது தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்கும் ஆட்களைப் போல இருக்கிறது. கலைத்து வை. குட்டையானது கட்டிலருகே, ஒன்று வாசலில் காலணி மாட்ட. ஆல்ட்டோவின் முக்காலியில் உன்னிடம் நான்கு இருப்பதால் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கு. கால்கள் சுருள்போல் திரும்பி நிற்கும், அதுவே அழகு. பூந்தொட்டியை நேராகப் பலகைமேல் வைத்தால் வட்டக் கறை விழும், அடியில் தட்டு வை. சூடேற்றிக்கு அருகில் எதையும் வைக்காதே, ஒட்டு விட்டுவிடும். மூன்று கால் மேடு பள்ளத் தரையிலும் ஆடாது. ஆனால் ஓரத்தில் ஏறி நின்றால் கவிழ்த்துவிடும். சாமி படத்துக்குப் பூப்போட அதன்மேல் ஏறுகிற பழக்கம் உனக்கு உண்டு. அம்மாவிடமிருந்து வந்தது.

அம்மாவின் முக்காலியைக் கேட்டிருக்கிறாய். அது வராது, பிள்ளை. பால் மரத்தது மாவாகக் கொட்டிய பிறகு மெராந்தி மரத்தில் செய்து கொடுத்தது. தினமும் அதில் உட்கார்ந்துதான் பின்வாசலில் கீரை ஆய்கிறாள். "அலமாரியில் வைத்துப் பார்ப்பதற்கா?" என்று ஒரே கேள்விதான் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை.

பன்னிரண்டாவது வேண்டுமென்றால் நானே செய்கிறேன். நன்றாகக் காய்ந்த பலகை ஒன்று பரணில் கிடக்கிறது. முழங்கால் மடிப்பிலிருந்து தரை வரை அளந்து எழுது. மருமகனுடையதும் வேண்டும். காலணி இல்லாமல் அளக்கவும்.

இப்படிக்கு,
அப்பா