பிலாட்டிஸுக்கு மெஷின் வேண்டாம், ஜமுக்காளம் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில், மூச்சோடு சேர்த்து வயிறு, முதுகுத் தசைகளைப் பலப்படுத்தும் பிலாட்டிஸ் உடற்பயிற்சி பற்றி எழுதியிருந்தீர்கள், சந்தோஷம். ஆனால் போட்டிருந்த படமெல்லாம் ரிஃபார்மர் என்கிற அந்த ஸ்பிரிங் வைத்த கட்டில் மாதிரியான மெஷின்தான். அதைப் பார்த்த என் மகள், "இதெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாதும்மா" என்று பக்கத்தைத் திருப்பிவிட்டாள். இரண்டு வருடமாக நான் ஹாலில் ஜமுக்காளம் விரித்துச் செய்வதும் அதே பிலாட்டிஸ்தான் என்பது அவளுக்கே தெரியவில்லை!

இதை உருவாக்கிய ஜோசப் பிலாட்டிஸ் 1883-ல் ஜெர்மனியில் பிறந்தவர், சின்ன வயதில் ஆஸ்துமாவும், எலும்பு வலுவிழந்து வளையும் ரிக்கெட்ஸ் நோயுமாக அவதிப்பட்டவர். முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் ஜெர்மன்காரர் என்பதற்காகவே முகாமில் அடைத்துவைத்தார்கள், அங்கே சக கைதிகளுக்குத் தரைப் பயிற்சிகளைச் சொல்லிக்கொடுத்தார். பிற்பாடு 1945-ல் அவர் போட்ட புத்தகத்தில் இருக்கும் 34 பயிற்சிகளும் தரையில் செய்கிறவைதான், ஒன்றுக்குக்கூட மெஷின் கிடையாது. மெஷினைக் குறை சொல்லவில்லை, வசதி இருக்கிறவர்கள் போகட்டும். ஆனால் அது இல்லாமல் ஆரம்பிக்கவே முடியாது என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது.

எனக்கு வயது 54, இருபது வருடமாகத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து இடுப்பு வலி. வீடியோ பார்த்துத்தான் ஆரம்பித்தேன், அதுவும் எடுத்த எடுப்பிலேயே 'ஹண்ட்ரட்' (நூறு) என்கிற பயிற்சி. மல்லாந்து படுத்துத் தலையையும் தோளையும் தூக்கி, கால்களை நீட்டி உயர்த்தி, கைகளைப் பக்கவாட்டில் சின்னதாக மேலும் கீழும் அசைத்துக்கொண்டே ஐந்து எண்ணிக்கைக்கு மூச்சை இழுத்து ஐந்து எண்ணிக்கைக்கு விட வேண்டும், இப்படிப் பத்து சுற்று போனால் நூறு. எனக்கு மூன்றாவது சுற்றிலேயே கழுத்து பிடித்துக்கொண்டது, நாலு நாள் திரும்பிப் பார்க்க முடியவில்லை. அப்புறம் ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மாதான் சிரித்துக்கொண்டே சொன்னார்: "வயிறு செய்ய வேண்டிய வேலையைக் கழுத்து செஞ்சிருக்கு. தலையைக் கீழே வைங்க, முழங்காலை மடக்குங்க."

அவர் முதல் இரண்டு வாரம் மூச்சு மட்டும்தான் செய்யச் சொன்னார். முழங்கால் மடக்கி, பாதத்தைத் தரையில் ஊன்றிப் படுக்க வேண்டும். அப்போது இடுப்புக்கும் தரைக்கும் நடுவில் விரல் நுழைகிற அளவுக்குக் கொஞ்சம் இடைவெளி இருக்கும், அதை அழுத்தி மூடவும் வேண்டாம், வளைத்துப் பெரிதாக்கவும் வேண்டாம். மூச்சை இழுக்கும்போது விலா பக்கவாட்டில் விரிய வேண்டும், விடும்போது அடிவயிறு லேசாக உள்ளே போக வேண்டும். கேட்பதற்கு ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும், ஆனால் இது கைவந்த பிறகுதான் இடுப்பை மட்டும் மெதுவாகத் தூக்கி இறக்குவது, ஒரு காலை நீட்டி மடக்குவது எல்லாம் ஒழுங்காக வந்தது. வாரம் மூன்று நாள், இருபது நிமிடம், வெறும் வயிற்றில். கோரைப்பாய் முதுகெலும்பில் குத்தும், ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டால் சரியாக இருக்கும். மொசைக் தரை என்றால் அது வழுக்கும், அடியில் ரப்பர் விரிப்பு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

பலன்? கட்டுரையில் எடை குறையும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒரு கிலோகூடக் குறையவில்லை, அதற்கு நடையும் சாப்பாடும்தான் வழி. ஆனால் தையல் மெஷினை விட்டு எழும்போது மேசையைப் பிடித்துக்கொள்வது நின்றுவிட்டது, தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது வயிறு தானாக இறுகுகிறது. நாள்பட்ட இடுப்பு வலிக்கு, சும்மா இருப்பதைவிட இது உதவும் என்றுதான் ஆய்வுகளும் சொல்கின்றன. மற்ற உடற்பயிற்சிகளை எல்லாம்விட இதுதான் உசத்தி என்று அவை நிரூபிக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும் இல்லையா.

இன்னொன்றை உங்கள் கட்டுரை விட்டுவிட்டது. ஆஸ்டியோபோரோசிஸ் என்கிற, எலும்பு அடர்த்தி குறைந்து பலவீனமாகும் பிரச்சினை இருப்பவர்கள் முதுகைச் சுருட்டி எழும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும், எலும்பு முறிய வாய்ப்பு உண்டு. கர்ப்பிணிகளும், பிரசவமாகிச் சில மாதங்களே ஆனவர்களும், கால் வரைக்கும் வலி இறங்குகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

அடுத்த முறை இது பற்றி எழுதும்போது மெஷின் படத்துக்குப் பதில், என்னை மாதிரி நைட்டிக்கு மேல் துண்டு போட்ட ஒரு அம்மா தரையில் படுத்திருக்கிற படமாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தையல்கார வாசகி, திருச்சி