பாலிஷ் போடாத மருமவனே

மருமவனே,

நீ வாட்சப்ல அனுப்புன படத்த நேத்து ராத்திரி பூரா பெருசாக்கி பெருசாக்கி பாத்துக்கிட்டே இருந்தேன். கோல்ட் 1851 நேவி ரிவால்வர் துப்பாக்கி, அதுவும் லண்டன் ஃபேக்டரியில செஞ்சது, பேரல் மேல உள்ள எழுத்து இன்னும் படிக்க வருது, ரொம்ப சந்தோஷம்யா. ஆனா கீழ நீ போட்டிருந்த ஒரு வரி, சனிக்கிழம பஃபிங் வீல்ல (பாலிஷ் போடுற சக்கரம்) போட்டு புதுசு மாதிரி ஆக்கிடப் போறேன் மாமான்னு, அதப் படிச்சதுலேர்ந்து மனசு சரியில்ல. உன்ன மாதிரி பழைய சாமான் வாங்குற பசங்க இன்னும் நெறய பேரு இருக்காங்க, அவங்களுக்கும் ஆகட்டும்னுதான் பொதுவுலயே எழுதுறேன்.

நான் தோட்டத்து ஃபேக்டரியில பிட்டரா இருந்தவன். 27 வயசுல இரும்புன்னா பளபளன்னு இருக்கணும், அவ்ளோதான் எனக்குத் தெரியும். உன் பாட்டியோட சிங்கர் தையல் மிஷின், கறுப்பு உடம்புல தங்கக் கலர்ல பூ போட்டிருக்கும், தீவாளிக்கு முன்னால மண்ணெண்ணெயும் கம்பி பிரஷும் வச்சு தேச்சேன். அழுக்கோட பூவும் போச்சு. அம்மா ஒண்ணும் சொல்லல, பூ இருந்த எடத்துல வெரல வச்சு ஒரு தடவ தடவிப் பாத்தாங்க. மிஷின் இப்பவும் ஓடுது, பூ வரல.

உன் துப்பாக்கியோட சிலிண்டர (குண்டு போடுற உருளை) சுத்தி ஒரு கப்பல் சண்ட இருக்கு பாரு, 1843-ல டெக்ஸாஸ் கப்பலும் மெக்சிகோ கப்பலும் மோதுனது. அது கையால செதுக்குனது இல்ல, உருளைய வச்சு அழுத்திப் பதிச்சது, ஆழமே கெடயாது. தோல் உறையில உரசி உரசியே பல துப்பாக்கில பாதி கப்பல் காணாமப் போயிருக்கும். உன்னோடதுல பாய்மரம் இன்னும் தெரியுது. வீல்ல வச்சேன்னா அது போயிடும், ஓரமெல்லாம் மழுங்கிடும், நம்பரும் தேஞ்சிடும். அந்த நம்பர்தான் முக்கியம். பேரல், ஃப்ரேம், சிலிண்டர், டிரிகர் கார்டு எல்லாத்துலயும் ஒரே நம்பர் இருக்கணும், பேரல புடிச்சிருக்குற ஆப்புலயும் பாரு, சின்ன சாமான், தொலச்சிட்டு வேற ஒண்ண சொருகியிருப்பாங்க.

எதுக்கும் முன்னால ஒண்ணு. சிலிண்டர்ல உள்ள ஆறு ஓட்டையிலயும் ஒரு மெல்லிய மரக்குச்சிய விட்டு ஆழம் பாரு, ஒண்ணு மட்டும் கொறவா இருந்தா உள்ள வெடிமருந்தும் குண்டும் இருக்கலாம். நூறு வருஷத்துக்கு மேல கெடந்த கறுப்பு மருந்து கூட வெடிக்கும். அப்படி இருந்தா தொடாத, தெரிஞ்ச கன்ஸ்மித்துக்கிட்ட (துப்பாக்கி ரிப்பேர் பண்றவரு) சொல்லு.

துருவுக்கு எண்ணெய் போட்டு ஒரு வாரம் விடு, அவசரப்படாத. அப்புறம் 1992-க்கு முன்ன அடிச்ச பழைய பிரிட்டிஷ் பென்னி காசு ஒண்ணு எடுத்து அதோட ஓரத்தால சுரண்டு, அது வெண்கலம், எஃகவிட மிருது, செவப்புத் துரு மட்டும் உதுந்து வரும், அடியில உள்ள கறுத்த நெறம் நிக்கும் (அதுக்கப்புறம் வந்த பென்னி உள்ள எஃகு, காந்தம் வச்சா ஒட்டும், அது வேணாம்). அந்தக் கறுத்த நெறந்தான் அதோட வயசு, அத எடுத்துட்டா நீ எவ்ளோ நல்லா ப்ளூயிங் (எஃகுக்கு கருநீலம் ஏத்துறது) போட்டாலும் திரும்ப வராது. ஸ்க்ரூ கழட்டுறதுன்னா டிரைவர் முனைய அந்த வெட்டுக்கு சரியா இருக்குற மாதிரி அரம் போட்டு தேச்சுக்க, லூசா இருந்தா தலைய கிழிச்சிடும்.

நான் நேர்ல வந்து காட்டுவேன்னு சொல்ல முடியல. உங்க பிரிட்டன்ல 1968 துப்பாக்கிச் சட்டத்துல பழைய துப்பாக்கிய அழகுக்கு வச்சிக்க எடம் இருக்கு, சுடுறதுன்னா லைசன்ஸ் வேணும். இங்க மலேசியாவுல 1960 ஆயுதச் சட்டம், நெனச்சுக் கூடப் பாக்க முடியாது. அம்மாகிட்ட உன் படத்த காட்டவே இல்ல. 1948 ஜூன் 16-ல இதே சுங்கை சிப்புட்ல தோட்டத்து வெள்ளக்காரத் தொரைங்கள கம்யூனிஸ்ட்காரங்க சுட்டப்ப அவங்களுக்கு பத்து வயசு, அப்புறம் வந்த அவசரகாலத்துல லைசன்ஸ் இல்லாம துப்பாக்கி வச்சிருந்தா தூக்கு. இன்னிக்கும் அந்தப் பேச்சு எடுத்தா கதவ சாத்துன்னுதான் சொல்வாங்க.

சனிக்கிழம பென்னி மட்டும் எடு. ஆப்பு நம்பர் தெரிஞ்சா கிட்ட வச்சு படம் புடிச்சு அனுப்பு, நான் முழிச்சிருப்பேன்.

மாமா
சுங்கை சிப்புட்