21-4என் என்று விற்ற எக்ஸாஸ்ட் வால்வுகள் பற்றிய புகார்

அனுப்புநர்
(பெயர், முகவரி, கைபேசி எண் பில்லில் உள்ளபடி)
கோயம்புத்தூர்

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: பெட்டியில் எழுதியிருந்த உலோகம் வேறு, உள்ளே இருந்த உலோகம் வேறு, பணமும் இழப்பீடும் கோருதல்

ஐயா,

வணக்கம். கடந்த ஜனவரியில் உங்களிடம் 26,400 ரூபாய் கொடுத்து என் காருக்கு 8 எக்ஸாஸ்ட் வால்வு (இன்ஜினில் எரிந்த புகையை வெளியே விடும் கதவு மாதிரியான பாகம்) வாங்கினேன். பில்லிலும் பெட்டியிலும் 21-4என் என்ற எஃகின் பெயர் அச்சடித்திருக்கிறது. ஆனால் வந்தது அந்த எஃகு இல்லை. 5,000 கிலோமீட்டர் ஓடுவதற்குள் ஒரு வால்வு எரிந்து, இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டையே கழற்றும்படி ஆகிவிட்டது.

என்னுடையது 2002 மாடல் ஹோண்டா சிட்டி விடெக், 1.5 லிட்டர். பதினோரு வருடமாக நானே பார்த்துப் பார்த்துச் செய்து வைத்திருக்கும் வண்டி. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றும் சின்ன டர்போவை அரை பார் பூஸ்ட்டில் (கூடுதல் அழுத்தத்தில்) போட்டிருக்கிறேன். ரேஸுக்குப் போகிற வண்டி இல்லை. தினமும் அவிநாசி ரோட்டில் ஆபீஸ் போய் வருவதும் இதில்தான். ஆர்டர் போடும் முன்பே இதையெல்லாம் உங்கள் தொழில்நுட்ப ஆலோசகரிடம் போனில் சொன்னேன். நிக்கல் கலவையான இன்கோனெல் போடலாமா என்று கேட்டதும் நான்தான். “இந்த பூஸ்ட்டுக்கு அது வேண்டாம் சார், 21-4என் தாராளமாகப் போதும்” என்றார். அந்த ஆலோசனையில் நான் குறை சொல்லவில்லை. 21 சதவீதம் குரோமியம், 4 சதவீதம் நிக்கல், 9 சதவீதத்தை ஒட்டி மாங்கனீஸ், கொஞ்சம் நைட்ரஜன் சேர்ந்த அந்த எஃகு, சிவக்கக் காய்ந்தாலும் சட்டென்று இளகாது. சாதாரண கார்களில்கூட எக்ஸாஸ்ட் பக்கம் பெரும்பாலும் இதுவோ இதன் வகையோதான் இருக்கும். சரி என்று வாங்கினேன்.

மே மாதம் குடும்பத்தோடு குன்னூர் போனோம். பர்லியாறு தாண்டி இரண்டாவது கியரில் ஏறும்போதே இழுவை குறைந்தது. மேலே போய் நிறுத்தினால் ஐடிலில் ஒரு சிலிண்டர் விட்டு விட்டு அடிக்கிறது. பின் சீட்டில் என் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும். கீழே இறங்கி வீடு வந்து சேரும்வரை எனக்கு உயிர் கையில் இல்லை.

மறுநாள் மெக்கானிக் டேப்பெட் கவரைத் திறந்தார். எக்ஸாஸ்ட் வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவில் 0.25 மில்லிமீட்டர் இடைவெளி வைத்திருந்தோம். மூன்றாவது சிலிண்டரில் இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் 0.05 மில்லிமீட்டர்கூட நுழையவில்லை. ஹெட்டை இறக்கிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. வால்வின் தலை சூட்டில் இளகி, ஊமத்தம்பூ மாதிரிக் குழிந்திருந்தது. தலை அப்படி இழுபட்டால் வால்வின் தண்டான ஸ்டெம் மேலே ஏறி இடைவெளியைத் தின்றுவிடும். மூடும்போது வால்வு அமரும் வளையமான சீட்டில் அது முழுதாக உட்காராது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பங்கை சீட் வழியாகத்தான் இறக்க வேண்டும். அந்த வழி அடைபட்டதால் விளிம்பில் சுண்டுவிரல் நகம் அகலத்துக்கு எரிந்து போயிருந்தது.

அப்புறம் ஒரு காந்தத்தை எடுத்துப் பார்த்தோம். 21-4என் வால்வின் தலையில் காந்தம் ஒட்டாது. ஸ்டெம்மின் மேல்பாதியில் வேறு எஃகை இணைத்திருந்தால் அங்கே மட்டும் ஒட்டும். கழற்றி வைத்திருந்த பழைய ஒரிஜினல் வால்வின் தலையில் ஒட்டவில்லை. உங்கள் வால்வுகள் எட்டிலும் தலை, கழுத்து, ஸ்டெம் என்று எங்கே வைத்தாலும் டக்கென்று பிடித்துக்கொண்டது. ஃபவுண்டரிகள் நிறைந்த ஊர் இது. உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரோ டெஸ்ட் எடுக்க அலைய வேண்டியதில்லை. ஒரு வால்வை அறுத்துக் கொடுத்தேன். குரோமியம் 8.6, சிலிக்கான் 3.1, நிக்கல் 0.2 சதவீதம் என்று அறிக்கை வந்தது. இது இன்டேக் பக்கம் போடும் ஈஎன்52 வகை. உள்ளே வரும் குளிர்ந்த காற்று தன்னைத் தணிக்கும் இடத்தில் அது நல்ல எஃகுதான். 700 டிகிரியைத் தாண்டும் டர்போ எக்ஸாஸ்ட்டில் அது எப்படி நிற்கும்?

இதற்கு நீங்கள் இரண்டு வரியில் பதில் அனுப்பினீர்கள். காற்று-பெட்ரோல் கலவை லீனாக (பெட்ரோல் குறைவாக) ஓடியிருக்கும் என்பது முதல் வரி. ட்யூனிங் பதிவுகளை இணைத்திருக்கிறேன், பாருங்கள். லீனாகவே ஓடியிருந்தாலும், உலோகத்தில் இருக்கும் நிக்கலும் மாங்கனீஸும் அதனால் காணாமல் போகாது. கூடுதல் பணம் கட்டினால் டைட்டானியம் வால்வு தருகிறோம் என்பது இரண்டாவது வரி. அதைப் படித்துத்தான் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. டைட்டானியத்தின் பலமே எடை குறைவு; எஃகின் எடையில் பத்தில் ஆறு பங்குக்கும் குறைவு என்பதால் உயர் ஆர்பிஎம்மில் ஸ்பிரிங்குக்குச் சுமை குறையும். ஆனால் வழக்கமான டைட்டானியக் கலவை எக்ஸாஸ்ட் சூட்டில் வலுவிழந்துவிடும். 2006 கொர்வெட் இசட்06-இன் 7 லிட்டர் இன்ஜினில்கூட இன்டேக்கில்தான் டைட்டானியம். எக்ஸாஸ்ட்டில் சோடியம் நிரப்பிய வால்வு போட்டார்கள். என் வண்டி 7,000 ஆர்பிஎம்முக்கு மேல் போவதே இல்லை. என் பிரச்சினை சூடு, எடை இல்லை. இந்த வித்தியாசத்தைச் சொல்லத்தானே உங்களிடம் ஆலோசகர் இருக்கிறார்?

நான் கேட்பது: வால்வுகளின் விலை 26,400 ரூபாய், ஹெட் இறக்கி ஏற்றிய கூலி, சீட் கட்டிங், கேஸ்கெட் செலவு 18,750 ரூபாய், டெஸ்ட் கட்டணம் 1,800 ரூபாய். பில்கள் இணைப்பில் உள்ளன. பணத்தைவிட முக்கியமாக, பெட்டியில் உள்ள அதே பேட்ச் எண்ணில் மீதமிருக்கும் சரக்கை நிறுத்தி, ஏற்கெனவே வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லுங்கள். அவர்களில் யாராவது இன்றைக்கும் குடும்பத்தோடு மலை ஏறிக்கொண்டிருக்கலாம்.

30 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். மீதி ஏழு வால்வுகளையும் பெட்டியோடு பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்கள் ஆள் யாரையாவது அனுப்பினால், அவர் கையிலேயே காந்தத்தைக் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்