படத்தில் முகம் திருப்பிய சிறுமி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறைக் காலத்தை முன்னிட்டு வறுமையில் இருக்கும் குடும்பங்களுக்கு உதவிப் பொருள்கள் வழங்கிய செய்தி, போன ஞாயிற்றுக்கிழமை இதழில் படத்தோடு வந்திருந்தது. படத்தில் இருந்தது ஒரே ஒரு பை. அதைப் பிடித்திருந்தவர்கள் ஐந்து பேர். வாங்கிக்கொள்ளும் தாயின் கை எது என்று கண்டுபிடிக்கவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அவருக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி, கேமராவுக்கு முகம் கொடுக்காமல் சுவரைப் பார்த்து நின்றாள். பள்ளி திறந்ததும், அந்தப் படத்தைப் பார்த்த பிள்ளைகளோடுதானே அவள் உட்கார வேண்டும்?

கொடுத்தவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. கொடுக்கவே மனம் வராதவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறோம். நன்கொடை தந்தவர்களுக்குக் கணக்குக் காட்டப் படம் தேவை என்பார்கள். சரி, அடுக்கி வைத்த பைகளைப் படம் எடுக்கட்டும், பில்லைப் படம் எடுக்கட்டும். முகம் எதற்கு?

என் சின்ன வயதில் அப்பாவுக்கு ஏழெட்டு மாதம் வேலை இல்லாமல் போனது. அந்த வருட விடுமுறையில் பக்கத்து வீட்டு அத்தை ஒரு புதுச் சட்டையோடு வந்தார். "எங்க பையனுக்குன்னு வாங்கினேன், அளவு தப்பாப் போச்சு. கடையில திருப்பி எடுக்க மாட்டேங்கறாங்க. உங்க பையனுக்குச் சேருதான்னு பாருங்க" என்று அம்மாவிடம் நீட்டினார். தம்பிக்கு அது அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. அத்தையின் மகனோ தம்பியைவிட இரண்டு சாண் உயரம். அவ்வளவு தூரம் யாருக்கும் அளவு தப்பாது. அம்மாவுக்கும் அது அப்போதே புரிந்துவிட்டது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. அத்தையும் கடைசிவரை அந்தப் பொய்யைக் கைவிடவில்லை. தம்பி மட்டும் கடைக்காரரைத் திட்டிக்கொண்டே வெகுநாள் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்தான்.

உங்கள் தொழிலிலேயே இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. 1911ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் அதிபர் அடால்ஃப் ஆக்ஸ் நடந்து போகையில், வழியில் ஒருவரைச் சந்தித்தார். அவர் அன்று பண்டிகை விருந்து சாப்பிட்டிருந்தார், யாரோ போட்டிருக்கிறார்கள். ஆனால் இரவு படுக்க இடமில்லை. ஆக்ஸ் கொஞ்சம் பணமும் தன் முகவரி அட்டையும் கொடுத்து, வேலை வேண்டுமானால் மறுநாள் வந்து பார்க்கச் சொன்னாராம். அடுத்த ஆண்டு, 1912 டிசம்பரில், அந்த நகரத்தில் மிகவும் கஷ்டப்படும் 100 பேரின் நிலைமையைப் பத்திரிகையில் வெளியிட்டார். பெயர்களைப் போடவில்லை. வாசகர்கள் பணம் அனுப்பினார்கள். அந்த நிதி நூறு ஆண்டுகளைத் தாண்டியும் நடக்கிறது.

அந்த மனிதர் விருந்து சாப்பிட்ட பிறகும் படுக்க இடமில்லாமல் நின்றார் என்பதுதான் எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. நம் உதவியெல்லாம் பண்டிகைக்கு முந்தின நாள் வந்து குவிகிறது. ஒரே வீட்டுக்கு மூன்று பை போகும், அடுத்த தெருவுக்கு ஒன்றும் போகாது. மாதச் சம்பளக்காரருக்கு விடுமுறை என்றால் ஓய்வு. தினக்கூலிக்காரருக்கோ வேலை இல்லாத நாள் கூலி இல்லாத நாள். பள்ளியில் இலவசமாகச் சாப்பிடும் பிள்ளைகளுக்கு விடுமுறைக்கு மணி அடிப்பதோடு அந்த ஒரு வேளையும் நின்றுபோகிறது. விடுமுறையிலும் அந்தச் சாப்பாடு நிற்கக் கூடாது என்றுதான் 2020இல் இங்கிலாந்தில் கால்பந்து வீரர் மார்கஸ் ராஷ்ஃபோர்ட் அரசிடம் கேட்டார். சிறு வயதில் தானும் அந்த இலவசச் சாப்பாட்டை நம்பியிருந்தவன் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுக் கேட்டார். மறுத்துக்கொண்டிருந்த அரசு மனம் மாறி, அந்தக் கோடை விடுமுறையில் ஏறத்தாழ 13 லட்சம் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுக் கூப்பன் கொடுக்க ஒப்புக்கொண்டது.

அவ்வளவு பெரிதாக நம்மால் முடியாதுதான். ஆனால் பண்டிகை முடிந்த இரண்டாவது வாரத்தில் ஒரு பை போகலாமே? அப்போதுதான் வாங்கின கடனைத் திருப்பிக் கேட்டு ஆள் வருவான், அப்போதுதான் புது நோட்டுப் புத்தகமும் வாங்க வேண்டியிருக்கும். எந்த வீட்டில் என்ன குறை என்பது வகுப்பாசிரியருக்கும், மாதக் கணக்கு வைத்திருக்கும் கடைக்காரருக்கும் நம்மைவிட நன்றாகத் தெரியும். கடைப் பாக்கியை யாரோ அடைத்துவிட்டால், அடைத்தது யார் என்று அந்த வீட்டுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. மின் கட்டணமும் அப்படித்தான். வெளியில் தெரியாத உதவியாக வேண்டுமானால் பணமாகக் கொடுப்பது நல்லது. பணத்தைக் கொடுத்தால் வீணாக்கிவிடுவார்கள் என்று சொல்பவர்கள், தங்கள் வீட்டுப் பண்டிகைச் செலவுக் கணக்கை ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம். அப்புறம், பழைய துணி கொடுப்பவர்கள் பொத்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும்.

இதுபோன்ற செய்திகளை நீங்கள் நிறுத்த வேண்டாம். அவற்றைப் படித்துத்தான் என்னைப் போன்றவர்களுக்கும் கொடுக்கத் தோன்றுகிறது. யாருக்கு என்ன தேவை என்பதை எழுதுங்கள், பெயரும் முகமும் இல்லாமல் எழுதுங்கள்.

உங்கள் இணையப் பதிப்பில் அந்தப் படம் இன்னும் இருக்கிறது. பள்ளி திறப்பதற்குள் அதை எடுத்துவிட முடியுமா?

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி