எங்கள் வீட்டில் முழு மணி நேரம் கிடையாது

இணையவழிப் பட்டப்படிப்பு நடத்தும் பல்கலைக்கழக இயக்குநர்களுக்கும், அவற்றுக்குப் பாடம் அமைத்துத் தருகிறவர்களுக்கும்,

வணக்கம்.

பெண்களின் ஊதியமில்லாத வீட்டு வேலையைப் பற்றி, நான் படிக்கும் பல்கலைக்கழகம் எனக்கு ஒரு காணொலிப் பாடம் தந்திருக்கிறது. நீளம் 58 நிமிடம். பேராசிரியர் நன்றாகவே நடத்துகிறார். 2019ஆம் ஆண்டு மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம், ஆண் செலவிடுவது 97 நிமிடம் என்று எழுதிக் காட்டுகிறார். அந்த இடத்துக்கு நான் வந்து சேர நான்கு நாள் ஆயிற்று. முதல் நாள் பால் பொங்கியது. இரண்டாம் நாள் மாமியாருக்கு மாத்திரை கொடுக்கும் நேரம். மூன்றாம் நாள் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. வாரத்தில் இரண்டு முறை வரும் தண்ணீர் யாருக்காகவும் காத்திருக்காது. எழுந்து போய்த் திரும்பிய ஒவ்வொரு முறையும் காணொலி முதல் நொடிக்கே போய் நின்றது. விட்ட இடத்துக்கு நகர்த்தலாம் என்றால் அதற்கும் பூட்டு. முழுவதும் ஓடினால்தான் வருகைப்பதிவாம். ஆக, பேராசிரியர் எனக்கு நான்கு முறை வணக்கம் சொன்னார். நான் நான்கு முறை பதில் வணக்கம் சொன்னேன்.

எனக்கு வயது 47. விருதுநகர் மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியில் இருக்கிறேன். பகலில் ஓர் அச்சகத்தில் கணக்கு எழுதுகிறேன். பொருளியல் முதுகலை இரண்டாம் ஆண்டு. என்னோடு இதே படிப்பில் இருக்கும் ஆறு பேரை வாட்ஸ்அப் குழுவில் பழக்கம். ஒருவர் இரவுக் காவலர், ஒருவர் சத்துணவு அமைப்பாளர், இருவர் கைக்குழந்தைக்காரர்கள். யாருக்கும் முழு மணி நேரம் என்று ஒன்று கிடையாது. இந்த மடலில் நான் சொல்ல வந்தது அதுதான். எங்களிடம் இருப்பவை கால் மணி நேரங்கள். உங்கள் படிப்போ வகுப்பறையின் மணியடித்து நடக்கிறது.

'எந்த நேரத்திலும், எந்த இடத்திலும் படிக்கலாம்' என்று விளம்பரத்தில் போட்டிருந்தீர்கள். அந்த எந்த நேரம் எங்கே இருக்கிறது என்று சேர்ந்த புதிதில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். காலை ஐந்து மணிக்கு இருபது நிமிடம். அச்சகத்துக்குப் போகும் பஸ்ஸில் இடம் கிடைத்தால் இருபத்தைந்து நிமிடம். இரவு ஒன்பதரைக்கு மேல், கண் மூடாத வரை. கூட்டினால் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் வருகிறது. படிக்க அது போதும். ஆனால் கூட்டித்தான் வருகிறது, ஒரே துண்டாக வரவில்லை.

நேரலை வகுப்பை ஞாயிறு காலை பதினொரு மணிக்கு வைத்திருக்கிறீர்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான், புரிகிறது. ஆனால் ஞாயிறு பதினொரு மணிக்கு எங்கள் தெருவில் எந்த வீட்டுக்கு வேண்டுமானாலும் வந்து பாருங்கள். மசாலா அரைபடும் நேரம் அது. வீட்டில் எல்லோருக்கும் விடுமுறை, ஆகவே ஒருத்திக்கு இரட்டை வேலை. அந்த நேரத்தைக் குறித்தவர் ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பைச் சாப்பிட்டிருப்பார், வைத்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

இது எனக்கு இரண்டாவது முறை. 1997இல் அஞ்சல்வழியில் பி.ஏ. சேர்ந்தேன். டெல்லிப் பல்கலைக்கழகம் 1962லேயே தொடங்கிவிட்ட முறை அது. எங்கள் தலைமுறையில் கல்லூரி வாசலைப் பார்க்காமல் பட்டம் வாங்கிய பல பெண்களுக்கு அதுதான் வழி. பழைய காலத்தைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. பாடப் புத்தகக் கட்டு ஒரு முறை தேர்வு முடிந்து எட்டு நாள் கழித்து வந்தது, தபால்காரரே சங்கடப்பட்டார். ஆனால் வந்த புத்தகம் என் கைக்கு வந்தது. தையலைப் பிரித்து, ஒரு பாடத்தை மட்டும் தனியே எடுத்து, அடுப்பு மேடைக்கு மேலே ஆணியில் குத்தி வைப்பேன். தேவைக் கோட்பாட்டை அப்படித்தான் படித்தேன். கிளறிக்கொண்டே நாலு வரி, தாளித்துவிட்டு நாலு வரி. அந்தத் தாள் விட்ட இடத்திலேயே நின்றது. முதல் வரிக்குத் திரும்பிப் போகவில்லை.

இப்போது அச்சிட்ட பாடம் தருவதில்லை, பிடிஎஃப் தருகிறீர்கள். அந்த பிடிஎஃபை யாராவது போனில் திறந்து பார்த்தீர்களா? பழைய புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து ஏற்றியிருக்கிறார்கள். எழுத்தைப் பெரிதாக்கினால் வரியின் பாதி திரைக்கு வெளியே போகிறது. ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் கணினிக்கு அது எழுத்தே இல்லை, வெறும் படம். போனில் வாய்விட்டுப் படித்துக் காட்டும் வசதி இருக்கிறது. படத்தை அதனால் படிக்க முடியாது. எங்கள் குழுவில் பார்வை குறைந்த ஒருவர் இருந்தார், முதல் பருவத்தோடு நின்றுவிட்டார். யூனிகோடில் தட்டச்சு செய்த பாடம் ஒன்று தந்திருந்தால் அவர் இன்னும் படித்துக்கொண்டிருந்திருப்பார்.

தொலைவிலிருந்து படிப்பிப்பதைப் பெரிய அளவில் செய்து காட்டிய பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971 ஜனவரியில் முதல் மாணவர்களுக்குப் பாடம் தொடங்கியது. பிபிசி தொலைக்காட்சியில் பாடம் ஒளிபரப்பினார்கள் என்பதுதான் பலருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது வேறு. அறிவியல் மாணவர்களுக்குச் சோதனைப் பொருள்களைப் பெட்டியில் வைத்து வீட்டுக்கே அனுப்பினார்கள்; வேதிப்பொருள்கள், கண்ணாடிக் கருவிகள், கையடக்க நுண்ணோக்கி எல்லாம் அதில் இருந்தன. கோடையில் ஒரு வாரம் எல்லோரையும் ஓரிடத்தில் கூட்டி வைத்துப் பாடம் நடத்தினார்கள். மாணவர் வீட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று யாரோ ஒருவர் முதலில் யோசித்திருக்கிறார்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 1960களில் தஞ்சாவூர்ப் பக்கம் ஏடிடி 27 என்ற நெல் ரகத்தை விவசாயிகள் வானொலியில் கேட்டுத் தெரிந்துகொண்டு பயிரிட்டார்கள். அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் விழுந்தது. வயது வந்தவர்கள் வீட்டிலிருந்தபடி படித்த படிப்புதானே அதுவும்? கை வேலையில் இருக்கும்போது காது சும்மாதான் இருக்கிறது. காய் நறுக்கும்போதும், துணி மடிக்கும்போதும், பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போதும் என்னால் கேட்க முடியும், பார்க்க முடியாது. ஒரு மணி நேரப் பேச்சை 15 மெகாபைட்டுக்குள் அடக்கிவிடலாம். அதையே காணொலியாகத் தந்தால் சில நூறு மெகாபைட் ஓடிவிடும். எங்கள் வீட்டில் நாள் ஒன்றுக்கு ஒன்றரை ஜிபி, மூன்று பேருக்கு. உங்கள் காணொலிகளில் பாதிக்கு மேல் பேராசிரியரின் முகமும் அவர் படிக்கும் வரிகளும்தான். முகம் இல்லாவிட்டால் பாடத்துக்கு ஒன்றும் குறைந்துவிடாது. அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

நம் நாட்டிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடிஇஎல் பாடங்களைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம். பேசியதை எழுத்தாகவும் தருகிறார்கள். சில பாடங்களுக்குத் தமிழிலும் இருக்கிறது. சான்றிதழுக்கான தேர்வை ஒரு மையத்தில் நேரில் வைத்து நடத்துகிறார்கள். என் மகன் அதில் படிக்கிறான். அவன் போனில் பாடத்தை ஏற்றிக்கொண்டு பஸ்ஸில் பார்ப்பதைக் கண்டால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

தேர்வைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சென்ற பருவத்தில் வீட்டிலிருந்தே எழுதினேன். கேமரா முன்னால் உட்கார வேண்டும், அறையைச் சுற்றிக் காட்ட வேண்டும், வேறு யாரும் இருக்கக் கூடாது, கதவு மூடியிருக்க வேண்டும். எங்கள் வீடு ஒரு அறையும் ஒரு சமையல்கட்டும். கணவர் தன் அம்மாவைத் திண்ணையில் உட்காரவைத்துக் காவல் இருந்தார். லேப்டாப் பக்கத்து வீட்டுப் பெண்ணுடையது, இரவல். நாற்பதாவது நிமிடத்தில் கணவர் தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து மாமியார் உள்ளே வந்து, "ஏம்மா, இன்னும் முடியலையா?" என்று கேட்டார். திரையில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை: வேறொரு நபர் கண்டறியப்பட்டார். எண்பத்தொரு வயதில், பள்ளிக்கூடப் பக்கமே போகாத என் மாமியார், எனக்குப் பொருளியல் விடை சொல்லித்தர வந்தவராகப் பதிவானார். அடுத்து நான் யோசிப்பதற்காகக் கூரையைப் பார்த்தேன். அதற்கு இரண்டாவது எச்சரிக்கை. மூன்றானால் விடைத்தாள் செல்லாது என்பதால் மீதி நேரமெல்லாம் யோசிக்காமலே எழுதினேன். மதிப்பெண்ணும் அப்படியே வந்தது.

காப்பி அடிப்பவர்களைத் தடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பஸ் ஏறி ஒரு மணி நேரம் பயணம் செய்து ஒரு கல்லூரி ஹாலில் எழுதச் சொல்லுங்கள், சந்தோஷமாக எழுதுவேன். அந்த மூன்று மணி நேரமாவது என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள். இணையவழிப் படிப்பில் எனக்குக் கிடைக்கக்கூடிய ஒரே முழு மணி நேரம் தேர்வு ஹாலில்தான் இருந்தது. அதையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள்.

அடுத்து, ஓடிபி. சேர்க்கைக்கு முன் டெப் எண் (தொலைநிலை, இணையவழிப் படிப்பில் சேருகிறவர்களுக்கான அடையாள எண்) எடுக்க வேண்டும், அதற்கு ஆதார், ஆதாருக்கு ஒரு போன் எண். எங்கள் குழுவில் இரண்டு பெண்களுக்கு ஆதாரில் இருப்பது கணவரின் எண். கணவர் ஒருவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். அவர் ஷிப்ட் முடிந்து போனை எடுத்துப் பார்ப்பதற்குள் ஓடிபி காலாவதியாகிவிடும். ஒரு பெண் படிப்பில் சேர மூன்று வாரம் இப்படியே போயிற்று.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். சேலை கட்டிய பெண்கள் வரிசையாக சைக்கிளில் போனதைப் பார்த்த என் சித்தி அதைப் பற்றி இன்னும் பேசுவார். எழுத்தறிவுக்கும் சைக்கிளுக்கும் என்ன தொடர்பு என்று அன்றும் சிலர் கேட்டிருப்பார்கள். வகுப்புக்கு வர யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை, அதுதான் தொடர்பு. இன்று அந்த சைக்கிளின் இடத்தில் போன் இருக்கிறது, ஆனால் பல வீடுகளில் அதை ஓட்டுகிறவர் வேறு. சேர்க்கைப் படிவத்தில் சாதி கேட்கிறீர்கள், வருமானம் கேட்கிறீர்கள். 'உங்களுக்கென்று தனியாக போன் இருக்கிறதா?' என்று ஒரு வரி கேட்டால் எத்தனையோ விஷயம் விளங்கிவிடும்.

நன்றி சொல்ல வேண்டியதும் உண்டு. தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடிப் பட்டங்களுக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022 செப்டம்பரில் அறிவித்தது. அந்த அறிவிப்பை அச்செடுத்து வைத்திருக்கிறேன், யாராவது 'ரெகுலரா?' என்று கேட்டால் காட்டுவதற்கு. பட்டம் சமம்தான். பட்டத்துக்கு நடுவில் நின்றுபோகிறவர்கள் சமமா என்று யாரும் எண்ணிச் சொல்வதில்லை. எம்ஐடியும் ஹார்வர்டும் நடத்திய இலவச இணையப் பாடங்களைப் பற்றி 2019இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 2017-18இல் பதிவு செய்தவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் அளவுக்குத்தான் முடித்திருந்தார்கள். அவர்கள் எண்ணினார்கள், வெளியே சொன்னார்கள். உங்கள் படிப்புகளில் சேர்ந்தவர் எத்தனை, முடித்தவர் எத்தனை, எந்த வாரத்தில் விட்டுப் போனார்கள் என்பது உங்கள் கணினியில் இருக்கிறது. என் மாமியாரைக் கண்டுபிடித்த கணினிக்கு அது தெரியாமலா இருக்கும்? ஆண்டுக்கு ஒரு முறை அதை வெளியிடுங்கள். சேருவதற்கு முன் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

நான் கேட்பதில் பெரிய செலவு எதுவும் இல்லை. விட்ட இடத்தில் தொடரும் காணொலி, அதைக் கால் மணி நேரத் துண்டுகளாக நறுக்கித் தாருங்கள். கூடவே ஒலிவடிவம். எழுத்தாக இருக்கும் எழுத்து. கேட்பவர்களுக்குக் கூடுதல் கட்டணம் வாங்கிக்கொண்டாவது அச்சிட்ட புத்தகம். ஒப்படைப்புக்கு நள்ளிரவு 11.59 என்று கெடு வைக்காமல் ஒரு வார இடைவெளி. ஏனென்றால் பராமரிப்பு என்று மின்சாரத்தை நிறுத்தும் நாளில் இணையமும் நின்றுவிடுகிறது. மாதம் ஒரு முறை தாலுகா ஊர் ஒன்றில், பள்ளிக்கூட வகுப்பறையில், நேரில் ஒரு வகுப்பு. ஞாயிறு வேண்டாம், சனிக்கிழமை பிற்பகல் வையுங்கள். காணொலிகள் எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. 299 நிமிடம் பற்றிப் பேராசிரியர் பேசியது நன்றாகத்தான் இருந்தது. ஐந்தாம் நாள் முழுதாகப் பார்த்து முடித்தேன். கீழே ஒரு கேள்வி இருந்தது: இந்தப் பாடம் உங்களுக்குப் பயனுள்ளதாக இருந்ததா? ஆம் என்று அழுத்தினேன். கருத்து எழுதும் இடத்தில் இருநூறு எழுத்துக்கு மேல் ஏற்காததால் இந்த மடல்.

பதில் எழுதுவதாக இருந்தால் அஞ்சலில் அனுப்புங்கள், முகவரி சேர்க்கைப் படிவத்தில் இருக்கிறது. மின்னஞ்சல் என்றால் இரவு ஒன்பதரைக்கு மேல்தான் பார்ப்பேன். அதுவரை போன் என் மகனிடம் இருக்கும்.

இப்படிக்கு,
முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி