மகனுக்கு: பென்ஷன் பிரிவா, வேலைத் தகராறா?

வெள்ளவத்தை,
ஞாயிறு காலை

அன்பு மகன்,

போனில் கதைத்து முடிக்கிற விஷயமில்லை என்பதால் எழுதுகிறேன். பிரிட்டனில் உன் சட்டக் கந்தோரில் இரண்டு பிரிவில் எதையும் எடுக்கலாம் என்று விட்டிருக்கிறார்கள்: ஓய்வூதிய வழக்கு, அல்லது வேலைத் தகராறு. பென்ஷன் என்றால் ஒரே கணக்கும் கடதாசியும், சலித்துப் போவாய் என்று கூட்டாளிகள் சொல்கிறார்களாம். அம்மா இவ்வளவு காலம் இதைத்தானே செய்தாய், நீயே சொல்லு என்று கேட்டாய்.

இங்கே கொழும்பில், நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் அப்படிப் பிரிவு ஒன்றும் கிடையாது. தனியார் கம்பனியில் வேலை செய்தவருக்கு மாதாமாதம் பென்ஷன் என்று எதுவும் இல்லையே. 1958ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எஃப்.) அவருடைய சம்பளத்தில் 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம். அதோடு 1980இல் வந்த ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளியின் 3 சதவீதம். ஐந்து வருஷம் தாண்டியிருந்தால் 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி பணிக்கொடை. கடைசியில் எல்லாம் மொத்தமாகக் கைக்கு வரும், பிறகு ஒன்றும் வராது. ஆகவே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று ஒருவர் வந்து கதிரையில் இருந்தால், அவருடைய முதுமைக் காசும் அதே கோப்புக்குள்தான் இருக்கும். இரண்டையும் நான் பிரித்துப் பார்த்ததே இல்லை.

சட்டம் கடினம் என்று நினைத்துப் பயப்படாதே. எங்கள் கைத்தொழில் பிணக்குகள் சட்டம் 1950இல் வந்தது, 1957ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு தொழில் நியாய சபைகள் வந்தன. அந்தச் சபை கொடுக்க வேண்டியது நீதியும் நியாயமுமான கட்டளை. அதை ஒரு மழைக்காலத்தில் படித்து முடிக்கலாம். வழக்கு வெல்வதும் தோற்பதும் வேறு இடத்தில். சம்பளப் பட்டியல், வரவுப் பதிவேடு, சேமலாப நிதிக்கு மாதாமாதம் ஊழியர் பெயரோடு அனுப்புகிற சி படிவம் எல்லாம் முதலாளியின் அலுமாரியில் இருக்கின்றன. தொழிலாளியிடம் இருப்பது ஒரு பொலித்தீன் பை. அந்தப் பைக்கும் அந்த அலுமாரிக்கும் நடுவில்தான் எங்கள் தொழில். இதைச் சட்டக் கல்லூரியில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, உனக்கும் அங்கே சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்து ஓய்ந்த ஒரு அம்மாவை அவருடைய மகள் என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தாள். மகளுக்குப் பம்பலப்பிட்டியில் வீட்டு வேலை. தாயின் ஈ.பி.எஃப். காசு வரவில்லை. ஏன் என்று பார்த்தால் அடையாள அட்டையில் ராமாயி, தோட்டத்தின் ஆள்பதிவேடான செக்ரோலில் ராமாய், நிதியின் பதிவில் ராமை. ஒரு இடத்தில் தகப்பன் பெயர், இன்னொரு இடத்தில் புருஷன் பெயர். கந்தோர்க் கிளாக்கர் இங்கிலீஷில் காதுக்குக் கேட்டபடி எழுதியது அப்படியே போயிருக்கிறது. மூன்றும் ஒரே ஆள் என்று அவர் குடியிருக்கிற லயத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், கொம்பியூட்டருக்குத் தெரியாது. மலையகத்தில் இது ஒருவருக்கோ இருவருக்கோ வந்த வில்லங்கமில்லை, ஒரு தலைமுறைக்கே வந்தது. கிராம உத்தியோகத்தர் கடிதம், விவாகப் பதிவு, சத்தியக் கடதாசி எல்லாம் கொடுத்தோம், போதவில்லை. பிறகு அவருடைய தொழிற்சங்கக் காரியாலயத்தில் பழைய சந்தாப் பட்டியலைத் தேடச் சொன்னேன். சந்தா சம்பளத்திலிருந்து கழிபடுவதால் அந்தப் பட்டியலில் செக்ரோல் இலக்கம் இருக்கும் அல்லவா? இருந்தது. பெயர் மூன்று விதமாக மாறியிருந்தாலும் இலக்கம் வருஷக் கணக்காக ஒன்றே. அதைக் காட்டிய பிறகு ஒருவரும் வாதாடவில்லை. இந்த வழக்கில் நான் பேசிய சட்டம் என்று ஒரு வரிகூடக் கிடையாது.

இன்னொரு வகை, பட்டணத்து வகை. சம்பளம் 60,000 ரூபாய் என்று பேசிச் சேர்ப்பார்கள், கடிதத்தில் 30,000 அடிப்படைச் சம்பளம், மிச்சம் ஏதோ ஒரு படி என்று எழுதுவார்கள். இருபக்கப் பங்கும் சேர்த்து 20 சதவீதம் என்றால் மாதம் 12,000 நிதிக்குப் போக வேண்டும், போவது 6,000. வருஷத்துக்கு 72,000 குறைகிறது, வட்டி வேறு. மேலதிக நேரக் காசு கணக்கில் சேராது, வாழ்க்கைச் செலவுப் படியும் சாப்பாட்டுப் படியும் சேரும் என்று சட்டம் சொல்கிறது. ஆனபடியால் அந்தப் படிக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்காதே. ஒவ்வொரு மாதமும் ஒரே தொகையா, லீவு எடுத்த மாதத்திலும் கொடுத்தார்களா, அதைப் பார். பன்னிரண்டு மாதச் சம்பளச்சீட்டை மேசையில் வரிசையாகப் பரப்பினால் அதுவே கதை சொல்லும். பிடித்த காசைக் கட்டாத முதலாளிக்கு மிகைக்கட்டணம் 50 சதவீதம் வரைக்கும் ஏறும். தொழில் ஆணையாளர் ஒரு சான்றிதழை நீதவான் நீதிமன்றத்தில் போட்டால் அதை அபராதம்போல அறவிடலாம். நாரஹேன்பிட்டித் தொழில் திணைக்களத்தில் அந்தச் சான்றிதழை எடுப்பிக்கும்வரை நடக்கிற நடைதான் பெரிசு.

பதினைந்து என்ற இலக்கத்தையும் சொல்ல வேண்டும். பணிக்கொடைச் சட்டத்துக்கு 15 பேர் வேலை செய்திருக்க வேண்டும். ஆணையாளரின் அனுமதி இல்லாமல் ஆட்குறைப்புச் செய்யக்கூடாது என்கிற 1971ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் அதே எல்லை. புறக்கோட்டையில் எத்தனை கடைகளில் பதிவேட்டின்படி சரியாகப் பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள் என்று நீ எண்ணினால் சிரிப்பாய். ஒரே கடை, ஒரே முதலாளி, பலகையில் மாத்திரம் இரண்டு பெயர். அதற்கும் மருந்து கடதாசிதான்: லீவுப் புத்தகம், சாப்பாட்டுக் கணக்கு. பதினைந்துக்குக் குறைவு என்றாலும் பணிக்கொடை கேட்டு நியாய சபைக்குப் போகலாம் என்பது பல தொழிலாளருக்குத் தெரியாது. சில சட்டத்தரணிமாருக்கும் தெரியாது, அதை இங்கே விடுவோம்.

கடதாசி எப்போதும் தொழிலாளி பக்கம் நிற்கும் என்று நினைத்துவிடாதே. வேலையை விட்டு நிறுத்தியதாக ஒருவர் போட்ட வழக்கில் நான் முதலாளிக்காக நின்றேன். நிறுத்தியதாக அவர் சொன்ன நாளுக்கு முந்திய வாரமே வேறொரு கம்பனியின் சி படிவத்தில் அவருடைய பெயர் ஏறியிருந்தது. அதோடு வழக்கு முடிந்தது. நீயும் பெரும்பாலும் கம்பனிகள் பக்கம்தான் நிற்கப் போகிறாய், அது உனக்கு உள்ளூர உறுத்துகிறது என்று உன் குரலில் தெரிந்தது. உறுத்தட்டும், ஆனால் அதற்காக விலகாதே. பதிவேட்டைத் திறந்து வாசித்துவிட்டு, ஐயா இது கொடுக்க வேண்டிய காசு, கொடுத்துவிடுங்கள் என்று முதலாளிக்குச் சொல்லக்கூடிய ஆள் அவருடைய சட்டத்தரணி மட்டும்தான். நான் சொல்லியிருக்கிறேன். சிலர் கொடுத்தார்கள், சிலர் வேறு சட்டத்தரணியைப் பிடித்தார்கள்.

அரசாங்க உத்தியோகத்தரின் பென்ஷன் முற்றிலும் வேறு உலகம். அவருக்கு நியாய சபை வாசல் இல்லை. மாளிகாவத்தை ஓய்வூதியத் திணைக்களத்தில் தடங்கினால் எழுத்தாணை (ரிட்) கேட்டு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அந்தப் பென்ஷனுக்கான விதிகளைச் சொல்லும் ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பின் முதலாம் பிரிவை ஒருதரம் எடுத்து வாசி: பென்ஷன் பெற உத்தியோகத்தருக்கு முழுமையான உரிமை இல்லை என்று அங்கே எழுதிக் கிடக்கிறது. முப்பது வருஷம் ஊருக்குப் படிப்பித்த வாத்தியாருக்கு அதை வாசித்துக் காட்டினால் அவர் என்னைத்தான் கோபித்துக்கொள்வார். நடைமுறையில் நீதிமன்றங்கள் அந்த அதிகாரத்தைக் கண்டபடி பாவிக்க விடுவதில்லை.

தனியார் துறைக்கும் பென்ஷன் கொண்டுவருகிறோம் என்று 2011இல் அரசாங்கம் ஒரு சட்டமூலம் போட்டதே, நீ அப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளை. மே 30ஆம் திகதி கட்டுநாயக்க வர்த்தக வலயத்துப் பிள்ளைகள் வீதியில் இறங்கினார்கள். பொலிஸ் சூட்டில் காயப்பட்ட ரொஷேன் சானக என்ற இளம் தொழிலாளி ஆஸ்பத்திரியில் இறந்தார். சட்டமூலத்தை மீளப் பெற்றார்கள். பென்ஷனுக்கு எதிராகத் தொழிலாளரே ஏன் எழும்பினார்கள் என்று வெளிநாட்டு ஆட்கள் என்னைக் கேட்பதுண்டு. காசை யார் கையில் கொடுக்கிறோம், திரும்பி எப்போது வரும் என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சந்தேகம் இருந்தது. உங்கள் நாட்டிலும் 1991இல் பத்திரிகை முதலாளி மக்ஸ்வெல் செத்த பிறகுதானே மிரர் பத்திரிகை ஊழியரின் பென்ஷன் பணம் எங்கே போனது என்று தெரிந்தது? 1995ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம் அதற்குப் பிறகு வந்தது. அதைப் படித்தால் பென்ஷன் பிரிவு சலிப்பு என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

காலத்தைப் பற்றியும் ஒரு சொல். நியாய சபைக்கு ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். உங்கள் ஊரில் நெடுங்காலமாக மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. இந்த எல்லையைத் தொழிலாளி தாண்டினால் எல்லாம் போச்சு. முதலாளி தவணை கேட்டுக் கேட்டு இழுத்தால் அவருக்கு லாபம். 2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 சதவீதம். அதற்கு முன்னம் ஐந்து லட்சம் என்று கட்டளை கிடைத்து, மேன்முறையீடு முடிந்து 2023இல் அதே ஐந்து லட்சத்தை வாங்கினவர் எதை வாங்கினார்? முதலாளி மேன்முறையீடு செய்வதானால் காசாகப் பிணை கட்ட வேண்டும் என்று சட்டம் வைத்தது இதற்காகத்தான், ஆனால் விலை ஏறுவதைப் பிணையால் நிறுத்த முடியாது. அதனால்தான் முதல் தவணைக்கு முன்னமே பதிவேடுகளைக் கேட்டு எழுதிவிடு என்று என் ஜூனியர்களைக் கரைச்சல்படுத்துவேன்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். திங்கட்கிழமை இரண்டு பிரிவுத் தலைவர்களிடமும் ஒன்றே ஒன்று கேள்: கடதாசிப் பெட்டிகள் வந்தால் யார் இருந்து வாசிப்பது? புதிதாக வந்தவர்களா, வெளியே கூலிக்குக் கொடுக்கிறீர்களா, மெஷினிடம் விடுகிறீர்களா? எந்தப் பிரிவில் உன் கையில் தருகிறார்களோ அங்கே போ. இரண்டிலும் தருவதில்லை என்றால் வேலைத் தகராறை எடு, அங்கே சாட்சிக்காரரின் முகத்தையாவது பார்க்கலாம்.

சம்பளத்தில் பென்ஷனுக்குப் பிடிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டதாகப் போன வருஷம் சொன்னாய், வாடகை கூட என்று. உங்கள் சட்டப்படி குறைந்தது 8 சதவீதம் போக வேண்டும், அதில் குறைந்தது 3 முதலாளியின் காசு. அவர் தருகிற காசை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு நீ பென்ஷன் வழக்குப் பேசப் போகிறாயா? திரும்பச் சேர்ந்துவிட்டு அந்த மாதச் சம்பளச்சீட்டை எனக்குப் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா